விரலைக் குத்திய தையல் மெசின்: ஒரு வீட்டு விபத்தின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு வீடு. அங்கே இருக்கிற அக்கா வீட்டிலிருந்தே அயலட்டைக்குத் தைத்துக் கொடுப்பவர். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற நேரம், அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற வெள்ளைச் சீருடைத் துணி அவரின் மேசையில் குவிந்து கிடந்திருக்கிறது. பொழுதுபட்ட நேரத்தில் ஊசிக்கு நூல் கோர்க்கக் குனிந்தவரின் சுட்டுவிரல் நுனியில் ஊசி ஒரு பக்கத்தால் இறங்கி மறுபக்கத்தால் வந்து, அங்கேயே முறிந்தும் போனது. அவரின் பெயரும் ஒழுங்கையின் பெயரும் போடவில்லை. மற்றதெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊருக்குள் மெசின் கரைச்சல் கொடுத்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். நான் போனபோது விரலுக்குக் கட்டுப் போட்டாயிற்று, வீட்டில் தீர்ப்பும் எழுதியாயிற்று. "கவனமில்லை, வேறென்ன" என்றார் அவரின் கணவர். "உந்த மோட்டர் பூட்டினதாலைதான் எல்லாம்" என்றார் அம்மம்மா. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கவனமில்லாத ஆள் இத்தனை வருடம் பத்து விரலோடும் தைத்திருக்க முடியாது. மோட்டரைக் குறை சொன்னால், அதே மோட்டர் இதற்கு முன் ஏன் குத்தவில்லை என்ற கேள்வி வரும். மெசின் ஒழுங்காகத் தைக்காமல் போனதும் விரலில் ஊசி ஏறியதும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பதுதான் என் முடிவு. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் அந்த நேரத்தில் அவர்கள் சரியாகச் செய்தவை. மகள் ஓடிப்போய்ச் சுவரில் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள், அதற்குப் பிறகுதான் மெசினைத் தொட்டிருக்கிறாள். முறிந்த துண்டுகளை ஒரு தாளில் சுற்றி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். இது பலர் செய்யாத, ஆனால் மிகவும் உதவுகிற வேலை, ஏனென்றால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் விரலுக்குள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று ஓரளவு தெரியும், மிச்சத்தை எக்ஸ்ரே சொல்லும். இவருக்கு ஒரு சின்னத் துண்டு உள்ளே இருந்தது, எடுத்தார்கள், ஏற்புவலித் தடுப்பூசியும் போட்டார்கள். உங்கள் வீட்டில் இப்படி நடந்து, ஊசி முறியாமல் விரலோடு மெசினில் மாட்டிக்கொண்டு இருந்தால், முதலில் கரண்டை நிறுத்துங்கள், பிறகு சில்லைக் கையால் மெல்ல உருட்டி ஊசியை மேலே எடுங்கள். விரலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முறிந்து உள்ளே போயிருந்தால் வீட்டில் குண்டூசியாலும் சவரக்கத்தியாலும் கிண்டவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

மெசின் இருந்த நிலை

பழைய கறுப்பு மெசின், வார்ப்பிரும்பு ஸ்ராண்ட், கால்மிதி. எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. சிங்கர் கம்பனியின் 15ஆம் இலக்க மொடலைப் பார்த்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யப்பானில் ஆளாளுக்குச் செய்து தள்ளினார்கள், பிறகு வேறு நாடுகளிலும் செய்தார்கள். அந்த வம்சத்தைச் சேர்ந்தது இது. அதில் ஒரு நன்மை, அடிநூல் சுற்றுகிற பொபினும் அதை வைக்கிற பொபின் கேசும் ஊசியும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும், உதிரிப்பாகத்துக்கு அலைச்சல் குறைவு. இலங்கைக்குச் சிங்கர் வந்தது 1877இல். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த மெசினும் சிங்கர் மெசின்தான்.

இந்த மெசினுக்குப் பின்னாளில் ஒரு மோட்டர் பூட்டியிருக்கிறார்கள். தகட்டில் 100 வாட், 220 முதல் 240 வோல்ற் என்று இருந்தது. கால்மிதியையும் கழற்றவில்லை, காரணம் 2022. ஒரு நாளில் 13 மணித்தியாலம்கூடக் கரண்ட் நிறுத்தின காலம் அது. அப்போது தோல் பெல்ற்றை மாட்டி மிதித்துத்தான் தைத்தாராம், மற்ற நேரம் அதைக் கழற்றிவிட்டு மோட்டர் பெல்ற். இதில் பிழை ஒன்றும் இல்லை, நல்ல யோசனைதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மோட்டரின் பெடலை நிலத்தில் வைக்காமல் கால்மிதித் தகட்டின் மேலேயே வைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் மட்டுமில்லை, மோட்டர் பூட்டிய பழைய மெசின் இருக்கிற இடமெல்லாம் இதைப் பார்க்கலாம். கால் பழகின இடம் அதுதான், வசதியாகத்தான் இருக்கும். ஆனால் தோல் பெல்ற் கழன்ற கால்மிதி ஓரிடத்தில் நிற்காது. உடம்பை முன்னுக்குச் சரித்தால் பாதத்தின் பாரம் விரல் பக்கம் போகும், தகடு முன்னுக்குத் தாழும், அதன் மேல் இருக்கிற பெடலும் சரியும், சரிகிற பெடலைப் பிடிக்கக் கால் தன்பாட்டில் அழுத்தும். நூல் கோர்க்க ஆள் குனிவதும் முன்னுக்குத்தானே! நான் பிளக்கைக் கழற்றிவிட்டு அவரை அதே மாதிரி இருந்து குனியச் சொன்னேன். கால் பெடலை அமத்தியதை அவரே உணரவில்லை, பக்கத்தில் நின்ற மகள்தான் "அம்மா, காலைப் பாருங்கோ" என்றாள்.

சரி, கரண்டை நிறுத்திவிட்டு நூல் கோர்த்திருக்கலாமே? அதைத்தான் கணவரும் கேட்டார். நான் அவரிடம் சுவிச் எங்கே என்று கேட்டேன். அலுமாரிக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு எக்ஸ்ரென்சன் வயர் வாசலைக் கடந்து மெசினுக்கு வருகிறது. எழும்பிப் போய், அலுமாரி இடுக்கில் கையை விட்டு நிறுத்தி, திரும்பி வந்து இருந்து நூல் கோர்த்து, மறுபடி எழும்பிப் போய்ப் போட்டு... யார் செய்வார்கள்? நானும் செய்ய மாட்டேன். இருந்த இடத்திலிருந்து எட்டாத சுவிச் காலையில் போட்டால் இரவுதான் நிற்கும்.

நூல் ஏன் இத்தனை தரம் அறுந்தது

அன்று எத்தனை தரம் நூல் கோர்த்தீர்கள் என்று கேட்டதற்கு அக்கா சிரித்தார். "எண்ணுறதோ தம்பி? ஒரு கை தைக்க முதல் மூண்டு தரம் அறுத்துப்போட்டுது." என்னைப் பொறுத்தவரை விபத்துக்கான விடையே இந்தப் பதிலில் இருக்கிறது. ஒழுங்காக ஓடுகிற மெசினில் நூல்கட்டை முடிந்தால்தான் ஊசிக்குக் கிட்ட விரல் போகும். இந்த மெசினில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனது, அதுவும் ஒவ்வொரு முறையும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க, கால் சரிகிற பெடலில் இருக்க. என்றைக்கோ ஒரு நாள் குத்தத்தான் செய்யும்.

ஏன் அறுந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தோம்.

தைத்துப் போட்டிருந்த துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க நூல் வளையம் வளையமாகத் தொங்கியது, குருவிக்கூடு மாதிரி. அடியில் நூல் குவிந்தால் அடியில்தான் பிழை என்று எல்லோரும் நினைப்பார்கள், இந்த வீட்டிலும் நினைத்தார்கள், பொபின் கேசின் சின்னத் திருகாணியை ஆளாளுக்கு இறுக்கியிருக்கிறார்கள். உண்மை தலைகீழ். அடியில் வளையம் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல்தான் தளர்வு. மேல்நூலைப் பிடித்து வைத்திருக்க ரென்சன் தட்டுகள் இரண்டு உண்டு. துணியை அமத்துகிற காலைத் தூக்கினால் அந்தத் தட்டுகள் விரியும், காலை இறக்கினால் ஒட்டும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் நூல் இரண்டு தட்டுக்கும் நடுவில் போய் இருக்கும். காலை இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டின் விளிம்பிலேயே நிற்கும். அக்கா எப்போதும் காலை இறக்கி வைத்துத்தான் கோர்ப்பவர், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தானாம்.

விளிம்பில் நிற்கிற நூலுக்கு ரென்சனை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. அவர் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார், கடைசிப் புரி வரைக்கும். தைத்துக்கொண்டு போகும்போது எப்போதாவது நூல் நழுவித் தட்டுகளுக்கு நடுவில் விழும். அப்போது கடைசிப் புரி வரை இறுக்கிய பிடி முழுதும் ஒரேயடியாக நூலில் இறங்கும். டக். அறுந்தது. மறுபடி காலை இறக்கி வைத்தபடியே கோர்ப்பார், மறுபடி வளையம், மறுபடி டக்.

இது ஒரு காரணம். இன்னொன்று ஊசித் தகட்டில் இருந்தது. ஊசி இறங்குகிற ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தேன், பிசிறு பிசிறாகக் கீறியது. ஊசி பல தடவை தகட்டில் அடித்த அடையாளம் அது. வளைந்த ஊசிதான் தகட்டில் அடிக்கும், ஊசியை வளைத்தது துணியைப் பிடித்து இழுத்தது. "தள்ளேல்லை தம்பி, இழுத்தால்தான் போகுது" என்றார். தகட்டைக் கழற்றினோம். துணியைத் தள்ளுகிற பல்லுகளுக்கு இடையில் தும்பு கெட்டியாகி, கத்தி நுனியால் நெம்பி எடுத்தபோது தடித்த கம்பளித் துண்டு போல வந்தது. பல்லு மேலே வர இடமே இல்லை, பிறகு எப்படித் துணியைத் தள்ளும்? தும்பை இப்படி ஒட்ட வைத்தது தேங்காய் எண்ணெய். மெசின் எண்ணெய் முடிந்த நேரம் குசினியிலிருந்து நாலு சொட்டு விட்டது பழக்கமாகிவிட்டது. மெசினுக்கு விடுகிற எண்ணெய் நிறமில்லாத மெல்லிய கனிம எண்ணெய், அது பசையாகாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் தும்பையும் தூசியையும் சேர்த்துப் பிசின் மாதிரி இறுகும். மார்கழிக் குளிரில் எண்ணெயே உறையும், காலையில் சில்லு பாரமாக ஓடுகிறது என்று மோட்டரைத் திட்டுவார்கள்.

ஆக, தேங்காய் எண்ணெய் தும்பை ஒட்டியது, தும்பு பல்லை அடைத்தது, துணி போகவில்லை, இழுத்தார், ஊசி தகட்டில் அடித்தது, தகடு பிசிறியது, பிசிறு நூலை அறுத்தது, அறுந்த நூலைக் கோர்க்க விரல் போனது, பெடல் சரிந்தது, சுவிச் எட்டவில்லை. இதற்குள் "கவனக்குறைவு" எங்கே வருகிறது என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். அவர் அலுமாரியைத் தள்ள எழும்பிவிட்டார்.

திரும்பப் பூட்டியது

மெசினை முதலில் இடம் மாற்றினோம். முன்பு ரியூப் லைற் அவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, தலையின் நிழல் நேரே ஊசியில் விழும், அதனால்தான் அவ்வளவு குனிந்தார். இப்போது யன்னல் இடப்பக்கம் வருகிறது, இரவுக்கு ஒரு கவ்வி எல்.ஈ.டி. லைற். ஸ்ராண்டின் நாலு காலும் நிலத்தில் சரியாகப் பதிகிறதா என்று ஆட்டிப் பார்த்து ஒரு மூலைக்குச் சின்ன மரத்துண்டு கொடுத்தோம். ஆடுகிற மெசினில் நேர்த் தையல் வராது, வராத தையலை நேராக்கக் கை தானாகவே ஊசிக்குக் கிட்டப் போகும்.

கரண்ட் விஷயத்தில் நான் கை வைக்கவில்லை, வயர் வேலை தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மோட்டரின் பிளக் இரண்டு உருண்டைப் பின் உள்ளது. அதைச் சதுரத் துளைச் சொக்கற்றில் ஏற்ற மேல் துளைக்குள் ஒரு பேனைக் குழாயைக் குத்தி வைத்திருந்தார்கள். (எத்தனை வீட்டில் இந்தப் பேனைக் குழாய் இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வராது.) அது தளர்வாக நிற்கும், சூடேறும், பொறி பறக்கும், அதோடு அந்தச் சொக்கற்றில் இருக்கிற பாதுகாப்பு மூடியையும் வீணாக்கிவிடும். அதை எடுத்துவிட்டு 13 அம்பியர் மூன்று பின் பிளக், உள்ளே 3 அம்பியர் பியூஸ். 100 வாட் மோட்டர் 230 வோல்ற்றில் அரை அம்பியர்கூட இழுக்காது, அதற்குப் பிளக்கோடு வருகிற 13 அம்பியர் பியூசை விட்டுவைத்தால் பியூஸ் போக முதல் வயர் எரியலாம்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மூன்று பின் பிளக் போட்டதால் எர்த் வந்துவிடாது. மோட்டரிலிருந்து வருகிற வயருக்குள் இரண்டு கம்பிதான் என்றால் மூன்றாவது பின் சொக்கற் மூடியைத் திறக்க மட்டும்தான். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் மோட்டர் தகட்டில் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. இந்த மோட்டரில் அந்த அடையாளம் இல்லை, மெசினும் ஸ்ராண்டும் முழு இரும்பு, சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு இருந்து தைக்கிறார். மூன்று கம்பி வயர் இழுத்து மோட்டர் தாங்கியோடு எர்த் கொடுத்தோம். வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருந்தது, ஆனால் அதிலிருக்கிற சோதனைப் பொத்தானை ஒருவரும் அமத்திப் பார்த்ததில்லை. அமத்தினோம், விழுந்தது. இடைக்கிடை அமத்திப் பாருங்கள். அமத்தியும் விழாத ட்ரிப் சுவிச்சை நம்பி இருக்கக் கூடாது.

சுவிச் இப்போது அவரின் வலக்கைக்கு எட்டுகிற இடத்தில். பெடல் நிலத்தில், கீழே ஒரு றப்பர் விரிப்புத் துண்டு. கால்மிதித் தகடு ஆடாமல் ஸ்ராண்டோடு கயிற்றால் கட்டு, கரண்ட் போனால் அவிழ்த்துவிட்டு மிதிக்கலாம். மோட்டர் பெல்ற்றை விரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தளர வேண்டும். முன்பு அது வீணைத் தந்திபோல் இறுக்கமாக இருந்தது, மோட்டர் சுட்டதற்கு அதுவும் காரணம். பெல்ற்றுக்கு மறைப்பு இல்லை, ஆகவே சோலும் பின்னலும் முன்னுக்குத் தொங்க விடாமல் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

இனி மெசினின் உள்வேலை. பிளக்கைக் கழற்றி, மோட்டர் பெல்ற்றையும் கழற்றி, மெசினின் தலையை மட்டும் முற்றத்தில் வைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசினைத் துடைத்தோம். வீட்டுக்குள் செய்யக் கூடாது, விளக்கும் அடுப்பும் கிட்ட இருக்கவே கூடாது. மண்ணெண்ணெய் முழுதும் காய்ந்த பிறகு, இரும்போடு இரும்பு உரசுகிற இடமெல்லாம் மெசின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. கொட்டத் தேவையில்லை. பிறகு பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ப் பொட்டு விழும். பிசிறிய தகட்டை மிக நுண்ணிய எமரித் தாளை நூலளவு சுருட்டித் தேய்த்து மழுப்பினேன். ரென்சன் தட்டுகளுக்கு இடையில் ஒரு மெல்லிய துணியை விட்டு இழுத்தபோது பழைய நூல் துண்டு ஒன்று வெளியே வந்தது.

ஊசியில் போட்டிருந்தது 18ஆம் இலக்கம். ஜீன்ஸ் தைத்தபோது போட்டதாம், அப்படியே இருந்திருக்கிறது. சீருடைத் துணிக்கு 14 போதும், மெல்லிய வொயில் சட்டைத்துணிக்கு 11. பக்கெற்றில் 90/14 என்று இருக்கும், 90 என்றால் ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர். வீட்டு மெசின் ஊசிக்கு மேல் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தண்டு முழுதும் உருண்டையான ஊசி தொழிற்சாலை மெசினுக்கு உரியது, கடையில் மாறி வாங்கி வந்துவிடாதீர்கள். ஊசியை மேல் முட்டு முட்டும்வரை தள்ளிவிட்டு இறுக்க வேண்டும். எந்தப் பக்கத்தால் நூல் விடுவது என்று குழப்பம் வந்தால் ஊசியின் நீளக் குழி இருக்கிற பக்கத்தைப் பாருங்கள், நூல் அந்தப் பக்கத்தால்தான் உள்ளே போகும், தட்டைப் பக்கத்தால் வெளியே வரும். எந்த வீட்டு மெசினிலும் இதுதான்.

பொபின் கேசுக்கு ஒரு பழைய சோதனை. நூலைப் பிடித்துக் கேசைத் தொங்கவிட்டால் தன்பாட்டில் இறங்கக் கூடாது, மெல்ல ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அதைச் சரியாக்கிவிட்டு அதற்குப் பிறகு அந்தத் திருகாணியைத் தொட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மேல் ரென்சனை நடுவுக்குக் கொண்டுவந்து, துணியை அமத்துகிற காலைத் தூக்கி வைத்து நூல் கோர்த்து, இரண்டு நூலையும் ஒரு சாண் பின்னுக்கு விட்டுப் பிடித்துக்கொண்டு, முதல் தையலைச் சில்லைக் கையால் தன் பக்கம் உருட்டிப் போடச் சொன்னேன். மேல்நூலுக்கு ஒரு நிறம், பொபினுக்கு இன்னொரு நிறம் போட்டுப் பார்த்தோம், அப்போதுதான் எந்த நூல் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வளையம் இல்லை. இரண்டு நூலும் துணியின் நடுவில் முடிச்சிட்டிருந்தன.

அம்மம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கால்மிதி ஆரையும் குத்தாது என்கிறார். மிதி நின்ற பிறகும் சில்லு இரண்டு சுற்றுச் சுற்றும், அதிலும் விரல் போன ஆட்களை எனக்குத் தெரியும், ஆனால் அவரோடு வாதாடி வென்றவர் இல்லை. மகள் பழக ஆசைப்படுகிறாள். அவளுக்கு முதலில் கால்மிதியில், நூலே இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில் ஓட்டப் பழக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த விஷயத்தில் அம்மம்மாவுக்கும் எனக்கும் ஒரே கருத்து. தாளில் ஓடிய ஊசி மழுங்கும், அதைத் துணிக்கு எடுக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது இரண்டு வேலை. மழுப்பிய ஊசித் தகடு தற்காலிகம்தான், புதியது போட வேண்டும். மோட்டருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கிற கரிக்கட்டைகள் இரண்டும் தேய்ந்திருக்கின்றன, ஓடும்போது உள்ளே நீலப் பொறி கூடுதலாகத் தெரிகிறது. இரண்டையும் ரவுணில் வாங்கலாம், ஆனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும், வாயால் சொல்லி வாங்கினால் கரிக்கட்டை அரை மில்லிமீற்றர் தடிப்பாக வந்து உள்ளே போகாது.